மூன்று புள்ளி, ஒரு கோடு

தன் கணவன் தங்கவேலுக்கு ஓமன் முதலாளி கொடுத்த பழைய அரபிக் கத்தியைப் பாஞ்சாலி எடுத்து நீட்டினாள். கேள்விப்பட்டுச் சென்னையிலிருந்து காவலூருக்கு வந்திருந்த பழம்பொருள் நிபுணர், வெள்ளி உறையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

“முன்னாடி இருக்கிற அரபி எழுத்து நிறைய கத்தியில வரும்மா. விஷயமே பின்னாடிதான். மூணு புள்ளி, ஒரு கோடு. செஞ்சவரோட முத்திரை. நூறு வருஷத்துக்குக் குறையாது.”

“நல்லாத் தெரியுங்களா?”

“முப்பது வருஷ அனுபவம்மா. இதே முத்திரையோட இன்னும் ஒரே ஒரு கத்திதான் இருக்கு. அது என்கிட்ட இருக்கு.”

பாஞ்சாலி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் குடித்துவிட்டுத் தந்ததும், அவர் கண்ணெதிரே சொம்பைக் கவிழ்த்தாள். அடியில் மூன்று புள்ளி, ஒரு கோடு.

“எங்க வூட்டு அடையாளங்க. கல்யாணம் காட்சின்னு எரவல் குடுத்தா மாறிப்போவுதுன்னு எல்லா சாமான்லயும் நான்தான் ஆணியால அடிப்பேன். மொதலாளி குடுத்தது ஜோடிக் கத்தி. ரெண்டுலயும் அடிச்சேன். ஒண்ணு போன வருசம் திருடு போச்சு.”

அவர் பூதக்கண்ணாடியைப் பைக்குள் வைத்தார்.

“இன்னாங்க, அதை எப்ப கொண்டாந்து குடுக்கறீங்க?”