தலைகீழ் மயில்

"யா அல்லா! சார், மயில் மறுபடியும் தலைகீழா நிக்குது!"

நிஷா போட்ட சத்தத்தில் வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடிக் கூடத்தில் நிஷாவும் அவள் தோழி கோதையும் சேர்ந்து நடத்தும் பிளாக் பிரிண்டிங் வகுப்பு அது. மர அச்சைச் சாயத்தில் ஒற்றி, துணியில் வைத்து, உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. அவ்வளவுதான் வித்தை. ஒரே மாதத்தில் எல்லோருக்கும் வந்துவிடும். தாயுமானவனுக்கு மட்டும் வரவில்லை. கூத்தைக் கேளுங்கள், அவருக்கு இது மூன்றாவது பேட்ச்!

"சாரிங்க மேடம்," என்றார் தாயுமானவன். முப்பத்து மூன்று வயது. அரியமங்கலத்தில் ஏதோ பட்டறையில் வேலை என்று சொல்லியிருந்தார். முகத்தில் துளி வருத்தம் இல்லை. ஏனென்றால், கோதை எழுந்து அவரிடம் வந்துகொண்டிருந்தாள்.

"பரவாயில்ல சார், கையைக் கொடுங்க." அவர் கையைப் பிடித்து அச்சின் மேல் வைத்தாள். "கொண்டை மேல பாத்து இருக்கணும். ம்... இப்பத் தட்டுங்க."

மயில் ஜம்மென்று நிமிர்ந்து நின்றது. தாயுமானவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கோதை கையை விட்டாள். அடுத்த மயில் குட்டிக்கரணம் அடித்தது.

நிஷாவுக்குப் பொறுக்கவில்லை. "போதும்டி கோதை! சார், பச்சைமலையிலேருந்து ரெண்டு பஸ் மாறி வர்ற அக்காவே ரெண்டு வாரத்துல கத்துக்கிட்டாங்க. அஞ்சு மணிக்குள்ள இந்தத் துப்பட்டாவை ஒழுங்கா முடிச்சா சர்டிஃபிகேட். இல்லன்னா அதுவும் கிடையாது. எப்படியானாலும் அடுத்த பேட்ச்ல உங்களுக்கு இடம் இல்ல, சொல்லிட்டேன்!"

தாயுமானவனுக்குப் பகீரென்றது. ஒழுங்காகப் போட்டாலும் போச்சு, தப்பாகப் போட்டாலும் போச்சு! நாளையிலிருந்து கோதையைப் பார்க்க என்ன சாக்கு இருக்கிறது? மூன்று மாதமாக மனசில் இருப்பதைச் சொல்லாமல் இருந்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஐந்து மணி. மற்றவர்கள் சர்டிஃபிகேட்டோடு கிளம்ப, வழியனுப்ப நிஷாவும் கீழே இறங்கினாள். கூடத்தில் இவரும் கோதையும் மட்டும்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. அச்சை எடுத்தார். டப், டப், டப்! இரண்டே நிமிடத்தில் பத்து மயில்கள், நூல் பிடித்தாற்போல் வரிசையாக நின்றன.

"அரியமங்கலத்துல எங்க பட்டறையே பிளாக் பிரிண்டிங் பட்டறைதாங்க. பன்னெண்டு வருஷமா நான்தான் மாஸ்டர். நீங்க என்னதான் சொல்லிக்கொடுக்கறீங்கன்னு வேவு பாக்க வந்தேன். முதல் நாள் எல்லாருக்கும் மாதிரி எனக்கும் கையைப் பிடிச்சுக் காட்டினீங்களா... அன்னியிலேருந்து வேணும்னே தப்பாப் போட ஆரம்பிச்சுட்டேன். உங்களைக் கட்டிக்கணும்னு ஆசைங்க. ஏமாத்தினதுக்கு மன்னிச்சுடுங்க."

கோதை மயில்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை. எல்லாம் கெட்டது என்று தாயுமானவன் பையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"கையைக் கொடுங்க," என்றாள் கோதை. வாங்கி, உள்ளங்கையைத் திருப்பினாள். மணிக்கட்டை ஒட்டித் தடித்துக் கிடந்த காய்ப்பை விரலால் தொட்டாள். "அச்சைத் தட்டித் தட்டி வர்ற காய்ப்பு இது. எனக்கும் இருக்கு, பாருங்க. முதல் நாளே தெரிஞ்சுபோச்சு, நீங்க யாருன்னு."

தாயுமானவன் வாயைப் பிளந்தார். "அப்புறம் எதுக்குங்க மூணு பேட்ச்சா என் கையைப் பிடிச்சு சொல்லிக்கொடுத்தீங்க?"

"நீங்க எதுக்கு மூணு பேட்ச்சாத் தப்பாப் போட்டீங்களோ, அதுக்குத்தான்!"