தேனில்லாத பூவுக்கு ஓர் ஆட்டம்

வேலியோரப் புதரில் ஒரு மஞ்சள் உண்ணிப்பூ இருந்தது. ஒருநாள் காலை எறும்புகள் புகுந்து அதன் தேனை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுப் போயின.

அது தேனீ வரும் நேரம். தேனைக் கொடுத்து மகரந்தம் வாங்குவதுதான் பூக்களின் வியாபாரம். ஒரே ஒரு தேனீ வந்து உட்கார்ந்தால்கூடப் போதும், உண்ணிப்பூவுக்கு விதை பிடித்துவிடும்.

"மூச்சு விடாதே. நானும் விடிஞ்சதுலேருந்து காலிதான். பளபளன்னு நிக்கலையா?" என்றது பக்கத்துப் பூசணிப்பூ.

தேனீக்களின் சட்டம் இரண்டுக்கும் தெரியும். தேன் தீர்ந்த பூவை அவை ஒன்றும் செய்வதில்லை. தீர்ந்ததை மறைத்து அழைக்கிற பூவைத்தான் விடமாட்டா. அதன் வாயை மெழுகு வைத்து அடைத்துவிடும்.

"கண்டுபிடிச்சாத்தானே," என்றது பூசணிப்பூ.

தேனீ வந்தது. உட்காரப் போகிற நேரத்தில் உண்ணிப்பூ சொன்னது: "உட்காராதீங்கம்மா. எங்கிட்ட ஒண்ணும் இல்லை."

சொன்னதோடு நிற்கவில்லை. இனி வருகிறவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று இதழ் முழுக்கச் சிவந்துகொண்டது.

தேனீ அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது. பூசணிப்பூ சிரித்தது.

நல்ல தேன் கிடைக்கும் இடத்தை மற்றவர்களுக்கு ஆடிக் காட்டுவது தேனீக்களின் வழக்கம். அன்று கூட்டில் இந்தத் தேனீ வேலிப் புதரின் திசையைக் காட்டி வெகுநேரம் ஆடியது.

"அங்கே தேன் அவ்வளவு இருக்கா?" என்று கேட்டன மற்ற தேனீக்கள்.

"ஒரு சொட்டு இல்லை. இல்லைன்னு தானாவே சொல்ற பூ இருக்கு," என்றது தேனீ, ஆட்டத்தை நிறுத்தாமல்.