உடைப்பு

கடல்நீர் வயலுக்குள் ஏறாமலிருக்க, அலையாத்திக் காட்டோரம் ஊரார் போட்ட கரையைப் பக்கிரிசாமி வெட்டிக்கொண்டிருந்தான். உள்ளே அடைபட்ட அவன் படகு கடலுக்குப் போக வேறு வழியில்லை. பவுனம்மா ஓடிவந்து வெட்டிய இடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். போன வருஷம் உப்பேறி அவள் நாற்று மொத்தமும் கருகிப்போயிருந்தது.

“எந்திரி. ஓதம் ஏறுது, கடத்தண்ணி அடிச்சிட்டுப் போயிரும்.”

“போவட்டும். என் வவுறு காஞ்சப்ப எவன் வந்தான்?”

“எம்புள்ளைவோ மட்டும் தின்னுதா?”

கடல்நீர் அவள் இடுப்பைச் சுற்றி உள்ளே பாய்ந்தது. அவன் ஆத்திரத்தில் சேற்றை வெட்டி அவள்மேலேயே வீசினான். மடியில் விழுந்ததை அள்ளி அவள் தன் இருபுறமும் வைத்து அப்பினாள். அவன் விடாமல் வீசினான். உடைப்பு அவளைச் சுற்றிச் சுருங்கியது.

முகத்தில் வழிந்த சேற்றைத் துடைக்காமல், “இன்னும் போடுடா” என்றாள்.