பத்தொன்பதாவது நிமிஷம்

பதினைந்தாவது நிமிஷத்திலேயே ரெஜினாவுக்குக் கை வேர்த்துவிட்டது.

இன்னும் நாலு நிமிஷம்.

திரையில் உப்பளம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. அந்தக் கல்யாண மண்டபத்து ஜன்னல்களுக்குத் திரைச்சீலை கிடையாது. வெளிச்சம் வந்தால் படம் தெரியாதே என்று அளத்துப் பெண்கள் ஆளுக்கொரு கெட்டிச் சேலை கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அளத்துக்கு லீவு அன்றைக்கு மட்டும்தான்.

"ஏட்டி, நீ நடக்கதப் பாரு! மகாராணி கெணக்கா!"

ஒரே சிரிப்பு.

ஒரு வருஷம் இவர்கள் பின்னாலேயே கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்து எடுத்த படம். வேறு நாளாக இருந்தால் ரெஜினாவும் சேர்ந்து சிரித்திருப்பாள்.

முன்வரிசையில் முத்துப்பேச்சி. அவளுக்கு இடப்பக்கம் அவள் புருஷன் சண்முகக்கனி, காலை நீட்டிக்கொண்டு.

பெண்களுக்கு மட்டும் என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் ரெஜினா கூப்பிட்டிருந்தாள். "எம் பொண்டாட்டி வார படத்த நான் பாக்கக் கூடாதா?" என்று வந்து உட்கார்ந்துவிட்டார் மனுஷர். யார் எழுப்புவது?

பதினாறு.

திரையில் முத்துப்பேச்சி வந்தாள். வெயிலுக்காகச் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை.

"அட, அது எஞ் சட்ட!" என்றார் சண்முகக்கனி. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தச் சட்டைக் காலரில்தான் ரெஜினா மைக்கைக் குத்தி, அதன் பெட்டியை இடுப்பில் செருகிவிட்டிருந்தாள். எல்லாம் அதனால் வந்த வினை.

அன்று கேமராவுக்கு முன்னால், "எங்களுக்கென்ன, நல்லாத்தான் இருக்கோம்" என்று முத்துப்பேச்சி முடித்துக்கொண்டாள். போதும் அக்கா என்றாள் ரெஜினா. என்ன ஞாபகத்தில் இருந்தாளோ, மைக்கைக் கழற்ற மறந்துவிட்டாள். கேமராவும் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. முத்துப்பேச்சி உப்புக் குவியல் பக்கம் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்து, தனக்குத்தானே பேசினாள்.

இடது கண்ணில் பார்வை போய்விட்டது என்று.

உப்பின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்துப் போனது. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. விட்டால் அவ்வளவுதான். அந்த அளத்தில் ஒருத்தி வேலையை விட்டு நின்றால், அவள் இடத்துக்கு அவள் வீட்டுப் பெண்ணைத்தான் கேட்பார்கள். முத்துப்பேச்சி வீட்டில் இருப்பது ப்ளஸ் டூ படிக்கிற ஒரே மகள்.

கேட்டிருக்க வேண்டும். அக்கா, இதைப் படத்தில் வைத்துக்கொள்ளட்டுமா என்று ஒரு வார்த்தை. வேண்டாம் என்றுவிடுவாளோ என்று பயந்துதான் ரெஜினா கேட்கவில்லை. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் நிஜம்.

சென்னையில் திரையிட்டபோது அந்த இடத்துக்குத்தான் அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. பாவி, அன்றைக்கு இவளும் பல்லைக் காட்டிக்கொண்டு மேடையில் நின்றாள்.

பதினெட்டு.

லேப்டாப் மேல் விரலை வைத்தாள்.

உப்புக் குவியல் வந்தது. முத்துப்பேச்சியின் முதுகு வந்தது.

ரெஜினா சத்தத்தை அடியோடு நிறுத்தினாள்.

மின்விசிறிகள் சுற்றுகிற சத்தம் மட்டும். "ஸ்பீக்கரு போச்சு போல" என்றாள் பின்னால் ஒருத்தி.

அப்பாடா. ஒரு நிமிஷம்தான். எப்படியாவது ஓட்டிவிடலாம்.

"எனக்கு எடது கண்ணு தெரியல."

ஸ்பீக்கரிலிருந்து இல்லை. முன்வரிசையிலிருந்து.

"யார்ட்டயும் சொல்லல. சொன்னா, ஒனக்குப் பதிலா பிள்ளய அனுப்புன்னுருவாவ. அந்த மனுசனும் சரின்னு தலையாட்டிருவாரு."

ரெஜினா உட்கார்ந்து உட்கார்ந்து வெட்டி ஒட்டிய வரிகள். ஒரு வார்த்தை பிசகவில்லை.

சண்முகக்கனி நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார்.

முத்துப்பேச்சி எழுந்து பின்னால் திரும்பினாள். அவளுக்கு இவ்வளவு கோபம் வருமென்று ரெஜினாவுக்குத் தெரியாது.

"சத்தத்த ஏன் பிள்ள கொறச்ச? இடுப்புல நீ சொருகுன பொட்டி பச்சையா மினுங்கிட்டுத்தான இருந்துச்சு. எனக்குத் தெரியாதாக்கும்? ஊரு கேக்கட்டும்னுதான சொன்னேன். இத்தன பேரு கேட்ட பொறவு எம் பிள்ளய எவன் அளத்துக்குக் கூப்புடுதான்னு பாக்கேன்."



திருடிவிட்டோமே என்று ரெஜினா இத்தனை நாள் உள்ளுக்குள் மருகிக்கொண்டிருந்தாள். திருடவே இல்லை. ஊரில் கொண்டுபோய்ச் சேர் என்று முத்துப்பேச்சி நம்பிக் கொடுத்துவிட்டது அது. சேர்க்கவேண்டிய இடத்துக்கு வந்து இவள்தான் அமுக்கப் பார்த்திருக்கிறாள்.

"திரும்பப் போடு" என்றாள் முத்துப்பேச்சி.

ரெஜினா படத்தைப் பின்னுக்குத் தள்ளினாள். சத்தத்தை முழுசாகக் கூட்டினாள்.

உப்புக் குவியல். முதுகு.

திரையில் இருந்தவள் பேச ஆரம்பித்தாள்.

மண்டபத்தில் இருந்தவள் திரையைப் பார்க்கவில்லை. தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புருஷனுக்கு அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

இப்போது அவர் அவளுக்கு வலப்பக்கம், கண் தெரிகிற பக்கம்.