பதினோரு மாப்பிள்ளைகள்

"ஏனம்மிணி, பதினோரு பசங்களும் எங்க கூட்டமேவா?"

எருமப்பட்டி மருதாசலம் காகிதத்தை மேசைமேல் விரித்தார். அஸ்தம்பட்டியில் இருந்த அந்தத் திருமணத் தகவல் நிலையத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதை இயக்கும் சௌந்திரம் எழுந்து நின்றாள்.

மருதாசலத்தின் மகள் வசந்தாமணிக்கு நட்சத்திரம் பொருந்திய பதினோரு வரன்கள். எல்லாப் பெயருக்கும் எதிரில் மருதாசலத்தின் குலமான 'காடை' கூட்டம் என்றே அச்சாகியிருந்தது. ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை முறை. கல்யாணப் பேச்சே கிடையாது.

"எங்கண்ணன் வெளிய ஜீப்புல உக்காந்திருக்காரு. ஆவணிக்குள்ள கல்யாணத்த முடிச்சுப்போடோணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. 'போயி நல்லாக் கேட்டுட்டு வா'ன்னு என்னைய உள்ள அனுப்பிச்சாரு."

சௌந்திரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். போன மாதம் வயது வரவேண்டிய பத்தியில் உயரத்தைப் போட்டு, நூற்று அறுபத்தைந்து வயது மாப்பிள்ளை ஒருவரைக் கெங்கவல்லியில் ஒரு பெண் வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். "இன்னொரு தப்பு வந்துச்சுன்னா நீ ஊட்டுக்குப் போயிக்கலாம்" என்று முதலாளி மணியன் அன்றைக்கே சொல்லிவிட்டார். இன்று நாலு மணிக்கு அவர் வந்துவிடுவார். இப்போதே மணி மூன்றரை.

"மறுக்கா அடிச்சாலும் இதேதான் வருமா?" என்றார் மருதாசலம்.

"பாக்கறனுங்க."

"மெசின் சொன்னாச் சரியாத்தான இருக்கும்?"

"நாம சொல்றதத்தான் அது செய்யுமுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்த பழுப்பு உறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

சௌந்திரம் தான் கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருந்த கட்டளைகளைத் திரையில் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தாள். ஏழாவது வரியில் கை நின்றது. 'சரிதானுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை தப்பித்துவிடும். ஆனால் இது ஒரு பெண்ணின் கல்யாணம்.

"தப்பு என்னுதுதானுங்க" என்றாள். "பொண்ணுங்க பதிவேட்டுலயும் 'கூட்டம்'னு ஒரு பத்தி இருக்குது, பசங்க பதிவேட்டுலயும் அதே பேருல ஒண்ணு இருக்குது. எந்தப் பதிவேட்டுப் பத்தின்னு நான் சொல்லாம உட்டுட்டனுங்க. அது உங்க பொண்ணு கூட்டத்தையே எடுத்து எல்லாப் பசங்களுக்கும் போட்டுருச்சு."

"அப்ப இது..."

"அத்தனையும் தப்புங்க. இப்ப பசங்க பதிவேட்டுப் பத்தின்னு தெளிவாச் சொல்லிட்டனுங்க. ஒரு நிமிசம் இருங்க."

அச்சு இயந்திரம் கரகரவென்று இழுத்து இழுத்து அடித்தது. அவள் புதுப் பட்டியலைக் கிழித்து நீட்டினாள்.

"ரெண்டு பேருதானுங்க காடை. மத்த ஒன்பது பேரும் வேற கூட்டம். தாராளமாப் பேசலாமுங்க."

"ஒன்பதா?" மருதாசலத்தின் முகம் சுருங்கிப்போயிற்று.

கோபம்தான் என்று சௌந்திரம் நினைத்தாள். "முதலாளிகிட்டச் சொல்லீராதீங்க. எனக்கு வேல போயிருமுங்க."

மருதாசலம் வாசலில் நின்ற ஜீப்பை எட்டிப் பார்த்தார். புதுப் பட்டியலை நாலாக மடித்து அவள் மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். பழைய பட்டியலை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"நான் ஏஞ்சாமி சொல்றேன்? இதுல சீல் போட்டுக் குடு."

"அதுதான் தப்புங்களே!"

அவர் பழுப்பு உறையைப் பிரித்துக் காட்டினார்.

"திங்கக்கெழம கோயமுத்தூருல காலேஜு தொறக்குது. எம்புள்ளைக்கு சீட்டுக் கெடச்சிருக்குது. மாப்பிள்ளையே இல்லைன்னு மெசின் சொல்லிப்போட்டா எங்கண்ணன் மறுபேச்சுப் பேசமாட்டாரு. அவ படிச்சு முடிக்கறவரைக்கும் நாங்க எத்தன தடவ வந்து கேட்டாலும், இதே தப்பையே அடிச்சுக் குடு, சாமி!"