செவலைக் கிடா இளைத்த வரலாறு

மூன்று வயது நிரம்பியவரும் முறுக்குக் கொம்பு உடையவருமாகிய திருவாளர் செவலைக் கிடா, ஆடியில் தம்மைக் கருப்பசாமிக்கு வெட்ட நேர்ந்திருப்பதை அறிந்தார். இளைத்தால் பிழைக்கலாம் என்று தீர்மானித்துத் தழையை அறவே விலக்கி, கொட்டிலைச் சுற்றி ஓயாமல் ஓடலானார்.

"அண்ணே, ஓடுனா ரெண்டு வாய் தின்னு, தின்னலேன்னா படுத்துக் கிட. காலு வெடவெடங்குது பாரு," என்றது கொண்டைக்கோழி.

"முட்டை போடுறவளுக்குத் தேகப்பயிற்சியைப் பத்தி என்னடி தெரியும்?"

எஜமானர் விலாவைத் தடவினார். "எலும்பாப் போயிட்டியேடா!" என்று சலித்து, கொழுத்த கறுப்புக் கிடா ஒன்றை வாங்கி வந்தார். செவலையாருக்கு உயிர் வந்தது. ஆயினும் அவர் ஓட்டத்தை நிறுத்தவில்லை, தழையையும் தொடவில்லை.

நேர்ந்த கிடா ஆயிற்றே என்று கோயிலுக்கு இரண்டையுமே ஓட்டிச் சென்றார்கள். மஞ்சள் நீர் தெளித்ததும் எது உடல் சிலிர்க்கிறதோ, அதைத்தான் சாமி கேட்கிறது என்பது வழக்கம். கறுப்புக் கிடா அசையாமல் நின்றது. செவலையாரும் அவ்வாறே நிற்க முயன்றார். பட்டினியோடு ஓடிய கால்கள் கேட்கவில்லை. உடம்பெல்லாம் நடுங்கியது.

"உத்தரவு குடுத்துட்டான்!" என்று பூசாரி கூவினார். குலவை எழுந்தது.

ஆடி மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் காரியம் முடிந்தது.