சின்ன ஹெட்போனே போதும்

"சும்மா தந்தாலும் வேணாம் தம்பி. இந்தச் சின்னனே எங்களுக்குப் போதும்."

கனகசிங்கம் இப்படிச் சொன்னதும் ஸாஹிருக்கு முகம் சுருங்கிவிட்டது. கட்டாரில் ஒலிச் சாமான் கடையில் வேலை செய்து, திரும்பி வந்து காத்தான்குடியில் சொந்தக் கடை போட்டவன் அவன். விலையைக் குறை என்று மன்றாடுகிற சனத்தைப் பார்த்திருக்கிறான். சும்மா தந்தாலும் வேண்டாம் என்கிற மனிதரை அன்றுதான் பார்த்தான்.

கல்லடியிலிருந்து மனைவி சின்னத்தங்கத்தோடு வந்திருந்தார் கனகசிங்கம். சின்னதாக ஒரு கசட் பிளேயரை எடுத்தாயிற்று. அதற்கு எந்த ஹெட்போன் என்பதில்தான் இழுபறி.

"ஐயாக்கு நான் சொல்றது விளங்கல்ல," என்றான் ஸாஹிர். "உங்கட கையில இரிக்கிறது டும் டும் எண்டு அடிக்கும். அதக் கேட்டுட்டு நல்ல சாமான் எண்டு சனம் நினைக்கிது. சத்தம் பெரிசா இரிந்தாப் போதுமெண்டா, கல்முனை பஸ் ஹோர்னக் கழட்டிக் காதுல மாட்டலாமே!"

சின்னத்தங்கம் வாய்விட்டுச் சிரித்தாள். கனகசிங்கம் சிரிக்கவில்லை.

"இந்தப் பெரிசப் பாருங்க. நல்ல சாமான் தன்ட பங்குக்கு ஒண்டையும் கூட்டாது, ஒண்டையும் மறைக்காது. பாடுறவர் மூச்சு எடுக்கிறது, மிருதங்கத்தில விரல் உரசுறது, எல்லாம் வேற வேறயா வந்து நிக்கும். பஞ்சு காதச் சுத்தி மூடுறதால ரோட்டுச் சத்தம் உள்ளுக்கு வராது."

"பாரமாக் கிடக்கு. இவளுக்குத் தலையிடி வரும்."

"எனக்கு ஒரு தலையிடியும் இல்ல," என்றாள் சின்னத்தங்கம். பிறகு ஸாஹிரிடம் திரும்பினாள். "மூத்தவளச் சுனாமியில கடல் கொண்டு போயிட்டுது தம்பி. வீட்டில இருந்த படமெல்லாம் அதோட போச்சு. மிஞ்சினவன இயக்கம் பிடிச்சுக் கொண்டு போனது. இப்ப சண்டை முடிஞ்சு, தடுப்பு முகாமில இருக்கானாம். இவர் வவுனியாவுக்குப் போய் அலைஞ்சு, புள்ள பேசின கசட் ஒண்டு வாங்கி வந்தவர். பக்கத்து வீட்டு ரேடியோவில போட்டா ஒரே இரைச்சல். போகக்குள்ள அவனுக்கு மீசையும் முளைக்கல்ல, பால்குரல். இதில தடிச்ச குரல். எனக்குப் பிடிபடுதில்ல. ஒருக்காத் தெளிவாக் கேட்டுட்டா மனசு ஆறும்."

ஸாஹிர் பெரிய ஹெட்போனை அவள் பக்கம் நகர்த்தினான்.

"என்ட உம்மாவும் கடலோட போனவதான்," என்றான் மெதுவாக. "அவட குரல் எந்தக் கசட்டிலயும் இல்ல. அதாலதான் சொல்றன் ஐயா, பெரிசச் சும்மா கொண்டு போங்க."

"வேணாம் எண்டு சொன்னன்தானே! தங்கம், வா, பஸ் போயிடும்."

"அடுத்த பஸ்ஸில போவம். ஒருக்கா மாட்டிப் பாக்கிறன்." முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கசட்டை வெளியே எடுத்தாள்.

"அத வீட்ட வைச்சிட்டு வரச் சொன்னன்தானே?" கனகசிங்கத்தின் குரல் பிசிறியது.

பெண்சாதி மகனின் குரலைக் கேட்பதற்குக்கூட இந்த மனிதர் குறுக்கே நிற்கிறாரே என்று ஸாஹிருக்கு ஆத்திரம் வந்தது. கசட்டை வாங்கிப் பிளேயரில் போட்டான். பெரிய ஹெட்போனை அவள் காதுகளில் பதமாகப் பொருத்திவிட்டுப் பொத்தானை அழுத்தினான்.

சின்னத்தங்கம் கண்களை மூடிக்கொண்டாள். தெருவில் லொறியொன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது, அவள் அசையவில்லை. கனகசிங்கம் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். நெற்றியில் வியர்வை. 'வீண் பிடிவாதம் மனிசனை எப்படி ஆட்டுது' என்று நினைத்துக்கொண்டான் ஸாஹிர்.

முடிந்ததும் அவள் கையைக் காட்டி, முதலிலிருந்து மறுபடி போடச் சொன்னாள். இரண்டாம் தரமும் கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"பெரிசு சரியில்ல தம்பி. இரைச்சலாக் கிடக்கு. அந்தச் சின்னனத் தாங்க பாப்பம்."

சின்னதை மாட்டிக்கொண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"ஆ! இதுதான் நல்லம். இஞ்சாருங்க, என்ட புள்ளைட குரலேதான்! 'அம்மா, நான் நல்லா இருக்கன், கெதியா வருவன்' எண்டு சொல்றான்!"

"நான் அப்பவே சொன்னன்தானே!" கனகசிங்கம் தோள்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். எத்தனையோ நாளாய்த் தூக்கிய பாரத்தை இறக்கியவர் போலச் சிரித்தார். "நான் போய் பஸ்ஸ மறிக்கிறன். நீ மெல்ல வா."

அவர் தெருவில் இறங்கினார். ஸாஹிருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"அம்மா, அல்லாஹ்வுக்காக உண்மையச் சொல்லுங்க. இந்தச் சாமான்லயா இரைச்சல்?"

சின்னத்தங்கம் வாசலைப் பார்த்தாள். கணவர் தூரத்தில் நிற்பதை உறுதிப்படுத்திக்கொண்டு அவன் பக்கம் குனிந்தாள்.

"குறை நினையாதீங்க மகன். உங்கட சாமான் ஒண்டையும் மறைக்கல்ல. அந்தப் பொடியன் ஒவ்வொரு சொல்லும் சொல்ல முன்னம், பக்கத்தில ஒராள் மெதுவாச் சொல்லிக் குடுக்கிறது தெளிவாக் கேட்டிச்சு. அது இவர்ர குரல். ஆர் பெத்த பிள்ளையோ, பாவம், அவர் சொன்னபடி என்னை 'அம்மா' எண்டு கூப்பிட்டிருக்கு. என்ட புள்ளைட முடிவு இவருக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரிஞ்சிட்டுது எண்டு அறிஞ்சா, மனிசன் தாங்க மாட்டார்."

தெருவிலிருந்து கனகசிங்கம் கூப்பிட்டார். சின்னத்தங்கம் சின்ன ஹெட்போனைக் காதில் சரிசெய்துகொண்டு, மகன் பேசுவதைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பவளாக அவரை நோக்கி நடந்தாள்.